கிறவல் கிடங்கால் வீட்டுச் சுவர் வெடித்தால் நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: கரடியனாறுப் பக்கம் எங்கள் வளவு. பக்கத்துக் காணியில் போன வருடம் முதல் பெக்கோ போட்டுக் கிறவல் அள்ளுகிறார்கள். கிடங்கு எங்கள் வேலிக்கு 10 அடிவரை வந்துவிட்டது. மாரியில் கரை சரிந்து வேலி விழுந்தது, இப்போது குசினிச் சுவரும் வெடித்திருக்கிறது. 50,000 ரூபாய் தருகிறேன், ஒரு கடதாசியில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார் கொந்தராத்துக்காரர். இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத்தால் வீடு வெடித்தால் அதற்கென இருக்கும் அரச நிறுவனமே திருத்தித் தருமாம், அங்கே இருக்கும் மச்சான் சொல்கிறார். இங்கும் அப்படிக் கேட்கலாமா?

பதில்: மச்சான் சொன்னது சரி. அங்கே அதற்கென்றே 1991இல் ஒரு சட்டம் வந்தது. சேதம் தெரியவந்து 6 வருடத்துக்குள் அறிவித்தால், திருத்தித் தர வேண்டும் அல்லது காசாகத் தர வேண்டும். இலங்கையில் நிலக்கரிச் சுரங்கமும் இல்லை, அப்படியொரு சட்டமும் இல்லை. நீங்கள் சாதாரண நட்டஈட்டு வழக்காக மாவட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு உள்ள காலம் 2 வருடம்தான். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. கோரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அந்தக் காலம் நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்கள் பக்கம் பலமான விசயம் ஒன்று உண்டு. பக்கத்துக் காணியைத் தாங்கி நிற்கும் மண்ணை அள்ளி அந்தக் காணியைச் சரிய விடும் உரிமை ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த நம் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் எவருக்கும் இல்லை. வேலியோடு சரிந்த நிலத்துக்கு இது நேரே பொருந்தும். வீட்டுச் சுவர் அவ்வளவு இலகுவல்ல. ஆகவே வழக்கில் கவனயீனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: எல்லைக்கு இவ்வளவு கிட்ட, கரையைச் சரிவாக வெட்டாமல் செங்குத்தாக வெட்டினார்கள் என்று. அள்ளியவரை மட்டும் அல்ல, அள்ள விட்ட காணிக்காரரையும் எதிராளியாகச் சேர்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்று இப்போதே எழுதித் தரலாம்: “அத்திவாரம் சரியில்லை, கோடையில் களிமண் சுருங்கினால் எந்த வீடும் வெடிக்கும்.” அதனால் சுவருக்குச் சீமெந்து பூசிவிடாதீர்கள். வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் திகதி எழுதுங்கள். அடிமட்டத்தை வைத்துப் படம் எடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதே இடத்தில் அப்படியே எடுத்து வாருங்கள். கிடங்கை மூடுவதற்கு முன் சேர்வேயரைக் கூப்பிட்டு வேலிக்கும் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து வரைபடம் எடுங்கள். ஒரு சிவில் பொறியியலாளரின் அறிக்கையும் வேண்டும். செலவுதான், ஆனால் அது இல்லாமல் போனால் கொந்தராத்துக்காரர் சொல்லும் தொகைக்கே இறங்க வேண்டி வரும். பொலிஸ் முறைப்பாடும் கிராம சேவகருக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியும் கையில் இருக்கட்டும்.

கிறவல் அள்ள 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அதையும் அதன் நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பத்திரமே இல்லை, அல்லது நிபந்தனையை மீறித் தோண்டியிருக்கிறார்கள் என்றால் கவனயீனத்தைக் காட்டுவது மிகவும் சுலபம்.

வேலை இன்னும் நடக்கிறதென்றால் அதே வழக்கில் இடைக்காலத் தடையுத்தரவும் கேளுங்கள். கிடங்கு பாதைக்குப் பக்கமாக இருந்து ஊராருக்கும் ஆபத்தென்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவில் நீதவானிடம் பொதுத்தொல்லை முறைப்பாடு செய்யலாம். தோண்டலை நிறுத்த இது உதவும், ஆனால் உங்களுக்கு அதில் காசு வராது. கேட்கும் தொகை சட்டத்தில் குறித்த எல்லைக்குள் இருந்தால் வழக்குப் போட முதலில் இணக்கசபைக்குப் போய், இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த 50,000. திருத்த வேலைக்கு ஒரு மேசனிடம் மதிப்பீடு எடுக்காமல் தொடாதீர்கள். கடதாசியில் “முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்” என்று இருந்தால், அடுத்த மாரியில் மற்றச் சுவர் வெடித்தாலும் அதைத்தான் நீதிமன்றத்தில் காட்டுவார்கள். காசு அவசரமாகத் தேவைதான் என்றால், “வேலிக்கான பகுதிக் கொடுப்பனவு மட்டும், வீட்டுச் சேதம் சேராது” என்று உங்கள் சட்டத்தரணி எழுதிய பற்றுச்சீட்டில் கையெழுத்திடுங்கள்.