'நாட்டாமை' என்ற சொல்லின் பொருள் என்ன? ஓர் ஊரின் தலைவரை ஏன் 'நாடு' சேர்த்து அழைக்கிறோம்?

நாட்டாமை என்பது ஆளைக் குறிக்கப் பிறந்த சொல் அன்று. பொறுப்பைக் குறிக்கப் பிறந்தது. நாட்டாண்மை என்பதே முழு வடிவம். நாடு, ஆண்மை என்று பிரியும். ஆண்மை என்றதும் முறுக்கு மீசை நினைவுக்கு வருவதற்குச் சினிமாவுக்கும் பங்குண்டு. 'ஆள்' என்னும் அடியோடு 'மை' விகுதி சேர்ந்த அச்சொல்லுக்கு ஆளும் தன்மை என்ற பொருளும் உண்டு. 'நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்' என்னும் 1026-ஆம் குறளில் வரும் இல்லாண்மை, தான் பிறந்த குடியை ஆளும் பொறுப்பையே சொல்கிறது.

நடுவில் நின்ற 'ண்' பேச்சில் தேய்ந்துபோனது. இது தனித்து நிகழ்ந்த மாற்றமும் அன்று. காரும் பிசானமுமாக இரு பருவம் நெல் விளையும் தாமிரபரணிக் கரையில், 'வேளாண்மை' என்று எவரும் பேசிக் கேட்க முடியாது; வெள்ளாமைதான். சிறுபிள்ளை வேளாண்மை வீடு வந்து சேராது என்று ஏட்டில் இருக்கும் பழமொழியும் வாயில் 'சின்னப்பிள்ள வெள்ளாம' என்றே வரும்.

நாடு என்பதை இன்றைய பொருளில் கொள்வதால்தான் உங்கள் ஐயம் எழுகிறது. பாண்டியர், சோழர் காலத்தில் நாடு என்பது பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சில சேர்ந்த ஒரு வேளாண் பகுதி. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த வரகுண பாண்டியனின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அவ்வூரை முள்ளிநாட்டு இளங்கோக்குடி என்கிறது. திருநெல்வேலியோ கீழ்வேம்ப நாட்டில் இருந்தது. இரண்டுக்கும் இடையே இன்று பஸ்ஸில் போனால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது என்பதிலிருந்தே அந்த 'நாடு' எவ்வளவு பெரியது என்று கணித்துக்கொள்ளலாம். அத்தகைய நாட்டின் காரியங்களைக் கூடிப் பேசி முடித்தவர்கள் நாட்டார். அந்த அதிகாரம் நாட்டாண்மை. பழைய நாடுகள் மறைந்த பின்னும் சொல் ஊரளவில் தங்கிவிட்டது.

பதவியின் பெயர் ஆளின் பெயரானதும் இயல்பே. 'தலைமை முடிவெடுக்கும்' என்று கட்சிக்காரர்கள் சொல்வதில்லையா? கோயில் கொடை விழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கக் கூடும் கூட்டத்தில், 'நாட்டாமை வந்துட்டாவளா?' என்று கேட்கும்போது, ஒரு பண்புப்பெயருக்கு மரியாதை விகுதி கொடுத்துப் பேசுகிறோம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. பல ஊர்களில் அவர் ஊருக்குப் பொதுவானவரும் அல்லர்; ஒரு சமுதாயத்துக்கு மட்டுமே நாட்டாமை. தேர்தலில் வெல்லும் பஞ்சாயத்துத் தலைவருக்குச் சட்டம் தரும் அதிகாரம் எதுவும் அவருக்குக் கிடையாது. அவர் விதிக்கும் ஊர்க்கட்டுப்பாட்டுக்குச் சட்டபூர்வமான செல்லுபடி உண்டு என்று இன்றும் சிலர் நம்புவது வருத்தத்துக்குரியது.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இலங்கை வழக்கு. கொழும்புச் சந்தைகளில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்கும் தொழிலாளி. சிங்களத்திலும் அவரை 'நாட்டாமி' என்றே அழைக்கிறார்கள். சுமைகூலிக் குழுவின் தலைவரை நாட்டாமை என்று அழைத்து, பிறகு அப்பெயர் குழுவினர் அனைவருக்கும் பரவியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.