ரூவாங் எரிமலைப் படம்: அது சாம்பலா, மழைமேகமா?

வணக்கம். 2024 ஏப்ரல் 30 அதிகாலையில் இந்தோனேசியாவின் ரூவாங் வெடித்தபோது ஜப்பானின் ஹிமவாரி-9 வானிலைச் செயற்கைக்கோள் எடுத்த படத்தில் கண்ணுறு பட்டை (கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படம்) முழுக் கறுப்பாக இருக்கிறது, அகச்சிவப்பில் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் தெரிகிறது, அது இடிமேகமா சாம்பலா என்று கேட்டிருந்தீர்கள்.

கறுப்பாக இருப்பதில் கோளாறு ஏதுமில்லை. இரவில் சூரிய ஒளி இல்லை, அவ்வளவுதான். ஆனால் ஒரே ஒரு அகச்சிவப்புப் பட்டையை வைத்துக்கொண்டு முடிவுகட்ட முடியாது. உயரத்தில் குளிர்ந்த எதுவும் அதில் வெள்ளையாகத்தான் வரும்.

10.4, 12.4 மைக்ரான் அலைநீள அகச்சிவப்புப் பட்டைகள் இரண்டையும் இறக்கி, முதலாவதன் வெப்பநிலையிலிருந்து இரண்டாவதைக் கழித்துப் பாருங்கள். சாம்பலில் உள்ள சிலிக்கேட் துகள்கள் 10.4 பக்கம் அதிகமாக உறிஞ்சும், மேகத்தில் உள்ள பனித்துகள்கள் 12.4 பக்கம். அதனால் மெல்லிய சாம்பலுக்கு விடை எதிர்மறையாகவும், சாதாரண மேகத்துக்கு நேர்மறையாகவும் வரும்.

இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். வெடித்த சில நிமிடங்களில் சாம்பல் தூண் தடிப்பாக இருப்பதால் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம். வெப்பமண்டல ஈரப்பதமும், சாம்பலைப் போர்த்திக்கொள்ளும் பனியும் சேர்ந்து சாம்பலின் எதிர்மறை அடையாளத்தை மறைத்துவிடும். ஆகவே முதல் படத்தையே முறைத்துப் பார்க்காமல், 10 நிமிட இடைவெளிப் படங்களை வரிசையாக ஓட்டி, காற்றோடு மெலியும் ஓரங்களைக் கவனியுங்கள். அந்த வெள்ளை வட்டம் ஒரே புள்ளியில், அதாவது மலை இருக்கும் இடத்தில், திடீரென முளைத்திருந்தால் சந்தேகம் பாதி தீர்ந்த மாதிரி.

கணக்குப் போட அலுப்பாக இருந்தால் 'ஆஷ் ஆர்ஜிபி' கலவையை, அதாவது அகச்சிவப்புப் பட்டைகளைச் சிவப்பு, பச்சை, நீல நிறங்களாகக் கலந்து காட்டும் படத்தை, பாருங்கள்: சாம்பல் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு, கந்தக டை ஆக்சைடு பச்சை, இரண்டும் கலந்தால் மஞ்சள். கடைசியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் எரிமலைச் சாம்பல் ஆலோசனை மையத்தின் அறிவிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பகுதி அவர்கள் பொறுப்பில்தான் வருகிறது.