இங்கிலாந்தில் இல்லஸ்ட்ரேஷன் (புத்தகம், அட்டை போன்றவற்றுக்குப் படம் வரைவது) படிக்கப் போகிறேன். நடுவில் ஓராண்டு பிளேஸ்மென்ட் (ஒரு நிறுவனத்தில் வேலை பார்ப்பது) உள்ள நான்காண்டுப் படிப்பை எடுக்கலாமா, மூன்றாண்டுப் படிப்பே போதுமா?

நான்காண்டுப் படிப்பையே எடுங்கள்.

இதே கேள்விக்கு இன்னொருவர், "பிளேஸ்மென்ட் என்றால் ஓராண்டு டீ போட்டுக் கொடுத்து ஜெராக்ஸ் எடுப்பதுதான், காசுக்குக் கேடு" என்று பதில் போட்டிருக்கிறார். அவர் என்ன படித்தார் என்று சொல்லவில்லை. நான் இல்லஸ்ட்ரேஷன்தான் படித்தேன். வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். இரண்டாம் ஆண்டு முடித்துவிட்டு, கடைசி ஆண்டுக்கு முன்னால் ஒரு வாழ்த்து அட்டை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். டீ அவரவர் போட்டுக்கொண்டார்கள்.

நீங்கள் இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். அந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. பிளேஸ்மென்ட் ஆண்டில் அவர்களிடம் முழுக் கட்டணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இங்கிலாந்தில் உச்சவரம்பு இருக்கிறது. நமக்கு அந்த வரம்பு கிடையாது, பல்கலைக்கழகம் வைத்ததுதான் கட்டணம். சில இடங்களில் குறைவு, சில இடங்களில் தலை சுற்றும். சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்படியும் ஏன் எடுக்கச் சொல்கிறேன் என்றால், மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. கன்சல்டன்சிக்காரர்கள் இதை வாயே திறந்து சொல்வதில்லை. டிகிரி படிப்பவர் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரம் சூப்பர்மார்க்கெட்டில் அலமாரி அடுக்கலாம், காபி கடையில் நிற்கலாம். ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவின் நாயைப் படமாக வரைந்து கொடுத்து 50 பவுண்டுக்கு பில் போட முடியாது. எட்சி (Etsy) போன்ற இணையச் சந்தையில் பிரிண்ட் விற்கக் கூடாது. கூடப் படித்த உள்ளூர்ப் பிள்ளைகள் வார இறுதியில் சந்தையில் ஸ்டால் போட்டு ஸ்டிக்கரும் சின்னப் புத்தகமும் விற்பார்கள். நான் அவர்களுக்குக் காவலுக்கு நிற்பேன். இந்தத் தொழிலில் முக்கால்வாசி ஃப்ரீலான்ஸ். அந்தக் கதவு மூடியிருக்கும்போது, சம்பளம் வாங்கிக்கொண்டு முழுநேரமாக வரைய சட்டப்படி இருக்கிற நல்ல வழி பிளேஸ்மென்ட்தான். கோடை விடுமுறையிலும் முழுநேரம் வேலை பார்க்கலாமே என்று யாராவது கமெண்டில் வருவார்கள். பார்க்கலாம். இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் ஆள் எடுத்து வரையும் வேலை தருகிற ஸ்டுடியோவைக் காட்டுங்கள்.

சேரும்போதே நான்காண்டுப் படிப்பாகச் சேர்வது நல்லது. மூன்றாண்டில் சேர்ந்துவிட்டு அப்புறம் ஓராண்டைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் பல்கலைக்கழகம் புதிதாக ஒரு காஸ் (CAS, விசாவுக்குத் தேவையான சேர்க்கை உறுதி) கொடுக்க வேண்டும், நீங்கள் விசாவை நீட்டிக்க மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், மறுபடி கட்டணம். விசாவோடு சேர்த்துக் கட்டுகிற மருத்துவ சர்சார்ஜ் ஓராண்டுக்கு 776 பவுண்டு எப்படியும் உண்டு. முதலிலேயே நான்காண்டாகச் சேர்ந்து, பிளேஸ்மென்ட் இடம் கிடைக்காவிட்டால் மூன்றாண்டுப் படிப்புக்கு மாற்றிவிடுவார்கள், விசாவும் குறையும். அது தலைகுனிவு ஒன்றும் இல்லை. என் வகுப்பில் பலருக்கு அப்படித்தான் ஆனது.

ஆமாம், இடத்தை நீங்கள்தான் தேட வேண்டும். நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரி பிளேஸ்மென்ட் செல் மாதிரி கம்பெனியைக் கூட்டிவந்து உட்கார வைப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். கேரியர் அலுவலகத்தில் சிவியைத் திருத்தித் தருவார்கள், போர்ட்ஃபோலியோவைப் புரட்டிப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்பார்கள். அவ்வளவுதான். நான் பதிப்பகம், அனிமேஷன், கேம்ஸ் என்று எல்லா இடத்துக்கும் மெயில் போட்டேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை.

எனக்கு ஊர்தான் கைகொடுத்தது. சிவகாசி. பெரியப்பா ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டியவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே பொங்கல் வாழ்த்து அட்டை செத்துக்கொண்டிருந்த தொழில், செல்போன் மிச்சத்தையும் முடித்துவிட்டது. விற்காமல் தங்கிய கட்டுகள் வீட்டுப் பரணில் கிடந்தன: கரும்பு, பானை, ஜிகினா ஒட்டிய மாடு. அதில் சிலதை இங்கிலாந்துக்கு எடுத்துப் போயிருந்தேன். அந்த நிறுவனத்து நேர்காணலில் என் பல்கலைக்கழக வேலைகளை ஆர்ட் டைரக்டர் மரியாதைக்குப் பார்த்தார். இந்த அட்டைகளைக் கையில் எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றில் கலர் விலகியிருந்தது. "இது ஏன் இப்படி?" என்றார். காகிதம் ஈரம் குடித்தால் நீளும், நான்கு கலரும் ஒன்றன் மேல் ஒன்று உட்காராது, மழைக்காலத்தில் பெரியப்பா இதற்காகவே காகிதக் கட்டை மூடி வைப்பார் என்று சொன்னேன். அப்புறம் வரைதலைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. வேலை கிடைத்தது.

பல்கலைக்கழகத்தில் ஒரு படத்துக்கு ஒரு மாதம் கூட எடுத்துக்கொள்ளலாம், "உன் குரலைத் தேடு" என்பார்கள். அட்டை நிறுவனத்தில் திங்கள் பிரீஃப் (என்ன படம் வேண்டும் என்ற குறிப்பு), புதன் ரஃப், வெள்ளி கரெக்‌ஷன். கோடையிலேயே அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கான ராபின் பறவைகளை வரையத் தொடங்கிவிடுவோம். விக்டோரியா காலத் தபால்காரர்கள் சிவப்புக் கோட்டு போட்டதால்தான் அந்தச் செம்மார்புக் குருவி அட்டைக்குள் வந்தது என்று சொல்வார்கள். வணிகத்துக்காக அச்சான முதல் கிறிஸ்துமஸ் அட்டையில் ராபின் இல்லை. அது 1843-இல் ஹென்றி கோல் என்பவர் ஜான் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி வெளியிட்டது, ஒரு குடும்பம் உட்கார்ந்து மது அருந்துகிற படம். பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுக்கிறார்களே என்று அப்போதே சண்டை வந்ததாம்.

படம் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஓரத்தில் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதல் படம் (பிளீட்) விட வேண்டும், கலரை அச்சுக்கான நான்கு கலரில் (சிஎம்ஒய்கே) வைக்க வேண்டும், மின்னும் ஃபாயிலுக்குத் தனி லேயர், புடைத்து நிற்கிற எம்பாஸுக்குத் தனி லேயர். மடிப்பில் முகம் விழக் கூடாது. கடையில் அட்டைகள் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கியிருக்கும்போது மேல் பாதி மட்டும்தான் தெரியும், அதனால் "ஹேப்பி பர்த்டே" மேலேதான் வர வேண்டும். ஒரே படத்துக்கு அம்மாவுக்கு ஒரு வாசகம், அக்காவுக்கு ஒரு வாசகம். பாட்டிக்கே "நேன்", "நேனி", "கிரான்", "கிராண்ட்மா" என்று வீட்டுக்கு வீடு ஒரு கூப்பாடு, ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை. இதை எந்த விரிவுரையாளரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை.

தீபாவளி அட்டை ஒன்று என்னிடம் வந்தது. பிரீஃபில் யானை, மயில், மாங்காய் டிசைன் என்று பட்டியல். எங்கள் வாசலில் யானை நிற்பதில்லை, கோலம்தான் இருக்கும் என்று சொல்லி புள்ளிக் கோலம் ஒன்றைத் தங்க ஃபாயிலில் போட்டுக் காட்டினேன். முதல் ப்ரூஃபில் கோடுகள் அறுந்து அறுந்து வந்தன. ஃபாயிலுக்கு மெல்லிய கோடு ஆகாது. கோட்டைத் தடித்தேன், நெளிவு கெட்டது. புள்ளி இடைவெளியைக் கூட்டினேன், சரியானது. அட்டை கடைக்குப் போனது. பின்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தது.

இதில் நியாயம் பேச எனக்கு இடமில்லை. வேலையின் பகுதியாக ஊழியர் வரைந்ததன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே என்பது அந்நாட்டின் 1988 பதிப்புரிமைச் சட்டம். அதனால் கையெழுத்துப் போடும் முன், "இந்தப் படங்களை என் போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்ளலாமா, எப்போதிலிருந்து?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நான் வாங்கினேன். சம்பளத்தையும் கேளுங்கள். படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டு வரை வேலை பார்க்கிற மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது, சம்பளமே தராமல் வேலை வாங்கவும் ஆள் இருக்கிறது.

ஆனால் ஃப்ரீலான்ஸாக வரைந்தால் பெயர் வர வேண்டும் இல்லையா? ஊருக்கு வந்து தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டை வரையத் தொடங்கியபோது வயிறு எரிந்தது. ஒரு பதிப்பகம் என் படத்தை மூன்று பதிப்புக்குப் பயன்படுத்தியது. முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம் எங்கேயும் பெயர் இல்லை. மெய்ப்புத் திருத்தியவர், தட்டச்சு செய்தவர், நன்றிக்குரிய மாமா எல்லாரும் இருக்கிறார்கள். கேட்டால் "அடுத்த பதிப்பில் பார்த்துக்கலாம் மேடம்". கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது ஓவியர் மணியம் படத்துக்காகவே பத்திரிகையைப் பிரித்தவர்கள் உண்டு. விகடனில் கோபுலு கையெழுத்தைத் தெரியாத வாசகர் உண்டா? அந்த ஊரில்தான் இன்று இந்த நிலை. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவில் படைத்தவர் தன் பெயரைக் கோரலாம் என்றே இருக்கிறது. சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

"காசு இருக்கிறவள் பேசுவாள்" என்று எழுத வருபவர்களுக்கு: வீட்டை அடமானம் வைத்துத்தான் கல்விக்கடன் வாங்கினோம், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். "எழும்பூரிலோ கும்பகோணத்திலோ அரசுக் கவின்கலைக் கல்லூரியில் படித்திருக்கலாமே" என்பவர்களுக்கு: படிக்கலாம், அங்கே படித்தவர்களின் கைத்திறன் முன்னால் நான் நிற்க மாட்டேன். கேள்வி கேட்டவர் இங்கிலாந்து போவதென்று முடிவு செய்துவிட்டார், அதற்குத்தான் இந்தப் பதில். ஏஐ எல்லாவற்றையும் வரைந்துவிடுமே என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, தனிக் கேள்வியாகப் போடுங்கள்.

இன்னொன்று, படிப்பு முடித்தபின் கிராஜுவேட் விசாவில் சுயதொழில் செய்யலாம். 2026 முடியும் வரை விண்ணப்பிப்பவர்களுக்கு அது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். நீங்கள் அந்தக் கணக்கில்தான் வருவீர்கள். அந்தக் குறுகிய காலத்துக்குள் வாடிக்கையாளர் பிடிக்க வேண்டுமென்றால், ஏற்கெனவே தொழிலுக்குள் நாலு பேரைத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு முதல் ஃப்ரீலான்ஸ் வேலை தந்தது அதே ஆர்ட் டைரக்டர், அப்போது அவர் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தார்.

ஆஃபர் கடிதத்தில் படிப்பின் காலம் மூன்றா நான்கா என்று பாருங்கள். தெளிவாக இல்லையென்றால் கோர்ஸ் பெயரைக் கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். எந்தக் கன்சல்டன்சி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.