குதிரைக்குத் தவிடும் மாட்டுப்புல்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நுவரெலியாவில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் (பந்தய இனம்) குதிரை ஒன்றை வாங்கி எட்டு மாதம். காலையும் மாலையும் மில்லில் எடுக்கிற தவிடு 2 கிலோ, மிச்சமெல்லாம் மாட்டுக்கு நட்ட சிஓ-3 புல். இப்போது நொண்டுகிறது, ஒரு நாள் முன்னங்கால், மறுநாள் பின்னங்கால். கண்ணுக்குக் கீழே முகத்தின் இரு பக்கமும் புடைத்திருக்கிறது. பல் நோவா? (வாசகர், நெடுங்கேணி)

பதில்: பல் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும். இரு பக்கமும் ஒரே மாதிரிப் புடைத்து, நொண்டலும் காலுக்குக் கால் மாறினால் முதலில் பார்க்க வேண்டியது தீன் தொட்டியை. ஐரோப்பாவில் இதற்கு 'ஆலைக்காரர் நோய்' என்றே ஒரு பெயர் இருந்தது. மா ஆலைக்காரர்களின் குதிரைகள் தவிட்டிலேயே வளர்ந்தன. நெல் மில்லுக்குக் குறைவில்லாத வன்னியிலும் அதே கதைதான்.

500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குக் கல்சியம் 20 கிராம், பொசுபரசு 14 கிராம் போதும். நீங்கள் வைக்கும் 4 கிலோ தவிட்டிலேயே பொசுபரசு 60 கிராமுக்குக் கிட்ட. கல்சியமோ சில கிராம்தான். மிஞ்சும் பொசுபரசு அந்தக் கல்சியமும் உடம்பில் சேரவிடாது. புல்லில் இருக்கும் கல்சியத்தை அதிலுள்ள ஒட்சலேற்று என்னும் உப்பு கட்டிப்போட்டுவிடும். மாட்டின் பெரிய இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஒட்சலேற்றை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த இரைப்பை இல்லை. ஆகவே உடம்பு எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கிறது. வெறுமையான இடத்தை நார் இழையம் நிரப்புகிறது, முகம் புடைக்கிறது. இரத்தத்தில் கல்சியம் சரியான அளவில் இருப்பதாகவே அறிக்கை வரலாம். அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

தவிட்டை ஒரு கிழமைக்குள் படிப்படியாக நிறுத்துங்கள். ஒரே நாளில் தீனை மாற்றினால் வயிற்றுக்குத்து வரும். புல்லில் பெரும்பங்கு வரம்பில் அறுக்கும் அறுகாக இருக்கட்டும். கினிப்புல்லிலும் ஒட்சலேற்று உண்டு, அதை மட்டும் நம்ப வேண்டாம். கல்சியத்துக்குச் சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். நல்ல குதிரைக்கு 1 கிலோ தவிடு வைத்தால் 60 கிராம் கலப்பது கணக்கு. உங்களுடையதற்கு அது போதாது, அளவைக் கால்நடை வைத்தியர் சொல்ல வேண்டும். கடையில் மாட்டுக்கென்று தரும் டிசிபி (டைகல்சியம் பொசுபேற்றுத் தூள்) வேண்டாம், அதிலும் பொசுபரசு இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், வாய் வெந்துவிடும்.

நொண்டல் முதலில் குறையும். எலும்பு தேற 9 மாதம் முதல் ஒரு வருடம் பிடிக்கும். முகப் புடைப்பு முழுதாக வற்றாமலும் போகலாம். அதுவரை ஏறி ஓட்ட வேண்டாம், எலும்பு முறியும்.

கேள்வி: பிடரி மயிரும் வால் மயிரும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகின்றன. பேன் இல்லை. இப்பில் இப்பில் மர வேலிக்குள்தான் மேய்கிறது. (வாசகர், மாங்குளம்)

பதில்: காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த இலையிலுள்ள மிமோசின் என்ற நச்சுத்தான் மயிரை உதிர்க்கும். குளம்பைச் சுற்றி வளையம் வளையமாக மேடு தட்டுகிறதா என்றும் தடவிப் பாருங்கள். வேலியை எட்டாமல் கட்டினால் மயிர் திரும்ப முளைக்கும்.

கேள்வி: மாட்டுப் பட்டியோடு குதிரையைக் கட்டலாமா? மிஞ்சும் கோழித்தீனைக் கொடுக்கலாமா? (வாசகர், புளியங்குளம்)

பதில்: இரண்டும் வேண்டாம். மாட்டின் வயிற்றறையில் ஒரு நூல்புழு வாழும். மாட்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. நுளம்பு அதன் குஞ்சுப்புழுவைக் குதிரைக்குக் கடத்தினால் அது முள்ளந்தண்டுக்குள் அலைந்து திரியும், பின்கால்கள் தள்ளாடும். ஆட்டுக்கு வரும் பின்கால் வாதமும் இதே புழுவால் வருவதுண்டு. கொட்டிலைப் பட்டியிலிருந்து தள்ளிப் போடுங்கள்; மாரியில் பொழுதுபட முன்னரே வலை கட்டி, புகை போடுங்கள்.

கோழித்தீனில் இரத்தக்கழிச்சலுக்காக மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கக்கூடும். குதிரையின் உடல் எடையில் கிலோவுக்கு 2–3 மில்லிகிராம் உள்ளே போனாலே இதயத் தசை கெட்டுச் சாகலாம். மாற்று மருந்து கிடையாது. கோழித்தீன் அள்ளிய வாளியில் குதிரைக்குத் தீன் வைப்பதையும் நிறுத்துங்கள்.