கச்சானுக்கு முன் பட்டியைக் குறையுங்கள்: மாடு வளர்ப்போர் கேள்வி பதில்

திருகோணமலை மாவட்டத்துப் பட்டிக்காரர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள். கச்சான் என்பது இங்கே வருசத்தின் நடுவில் அடிக்கிற வறண்ட தென்மேற்குக் காற்று. மருந்தின் அளவு கேட்டவர்கள் உங்கள் பிரதேச மிருக வைத்தியரிடம் போங்கள். மாட்டைப் பார்க்காமல் அளவு சொல்வது பிழை.

கிண்ணியா: ஐயா, 40 மாடு நிக்குது. மாசியில கொழுக்குது, ஆவணியில எலும்பு தெரியுது. எத்தனை மாடு வச்சிருக்கலாம்?

அதை மாசிப் புல்லைப் பார்த்து முடிவெடுக்காதீங்க தம்பி, ஆவணித் தரையைப் பார்த்து முடிவெடுங்க. 220 கிலோ நிறையுள்ள ஊர் மாடு நாளைக்கு ஐந்தரை கிலோ காய்ந்த தீனி தின்னும். நாற்பதுக்கு 220 கிலோ. கச்சான் அடிக்கிற 100 நாளுக்கு 22 தொன். காட்டுக்கரையும் வற்றுகிற குளத்து வெளியும் அதில் எவ்வளவு தரும் என்று நீங்களே நடந்து பாருங்க. மிச்சம் முழுக்க உங்கள் மாட்டின் உடம்பில் இருந்துதான் போகுது.

பட்டியை இரண்டாகப் பிரியுங்க. நல்ல பசுக்களும் நாகுகளுமாக (கன்று போடாத இளம் பசுக்கள்) 25 தாய்ப் பட்டி. அதில் கை வைக்க வேண்டாம். மற்றப் பதினைந்தும், அதாவது நாம்பன்கள் (இளங்காளைகள்), சினை நிற்காத பசுக்கள், பல் தேய்ந்தவை, மழை சொல்கிறபடி கூடிக் குறைய வேண்டியவை. தை முடிவில் குளம் நிறைந்திருந்தால் ஆடி வரை வைத்திருக்கலாம். மழை பொய்த்த வருசம் வயல் வெட்டின தாள் மேய்ந்து முடிய, சித்திரைக்குள் விற்றாக வேணும். அந்தப் பதினைந்தில் 12 மாடு குறைந்தால் கச்சானின் 100 நாளில் ஆறரைத் தொன் தீனி தாய்ப் பட்டிக்கு மிஞ்சும். ஆவணி வரை இழுத்தால் நிறையும் போகும், எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் விலையும் போகும்.

இன்னொன்று. கச்சானில் மெலிந்த மாடு தேறுவதற்குள் வாடைக் குளிர் வந்துவிடும். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு கிழக்கில் நூற்றுக்கணக்கான மாடுகள் செத்ததை மறக்காதீங்க.

மூதூர்: வியாபாரி கண்ணால பார்த்துத்தான் விலை சொல்றார். தராசு இல்ல. என்ன செய்றது?

தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அங்குலத்தில் அளவுங்க. தோள் முனையில் இருந்து இருக்கை எலும்பு வரை நீளம் எடுங்க. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 300ஆல் பிரித்தால் நிறை இறாத்தலில் (பவுண்டில்) வரும். சுற்று 56, நீளம் 48 என்றால் 502 இறாத்தல், கிட்டத்தட்ட 228 கிலோ. மாடு நாலு காலிலும் நேராக நிற்க வேணும், தலை தாழ்ந்திருந்தால் கணக்குப் பிழைக்கும். ஊர் மாட்டில் எலும்போடு சேர்ந்த இறைச்சி உயிர்நிறையின் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதையும் தெரிந்துகொண்டு பேசுங்க. நாடா வைக்காமல் ஒரு மாட்டையும் விற்காதீங்க.

தோப்பூர்: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வைத்திருந்து விற்கலாமா?

ஓம், ஆனால் குர்பான் மாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேணும், நொண்டி, குருடு, மெலிவு இருக்கக் கூடாது. பெருநாள் வருசத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் வருகிறது. அது கச்சானுக்குள் விழுந்தால் தீனிச் செலவைக் கழித்துப் பார்த்து முடிவெடுங்க. நாடா வையுங்க.

தம்பலகாமம்: பசுவை இறைச்சிக்குக் குடுக்க எங்களுக்கு மனமில்லை.

குடுக்க வேண்டாம் அம்மா. நாம்பன் கன்றுகளைப் பால் மறந்த கையோடு வளர்ப்புக்கு விற்றுவிடுங்க. பட்டி பெருக முன்னமே குறைய வேணும், அவ்வளவுதான்.

கந்தளாய்: எல்லாப் பசுவுக்கும் ஜேர்சி சினை ஊசி போட்டால் பால் கூடும்தானே?

மேய்ச்சல் பட்டிக்குப் போடாதீங்க. ஜேர்சிக் கலப்பு பால் தரும், உண்மை. ஆனால் பராமரிப்புத் தீனிக்கு மேல் இரண்டு லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ கலப்புத் தீனி வேணும், நிழலும் கிட்டத் தண்ணியும் வேணும். பற்றைக் காட்டில் வெயிலில் நடந்து மேய விட்டால் உண்ணிக் காய்ச்சலும் மெலிவும்தான்.

குச்சவெளி: அப்ப பெரிய பண்ணைக்காரர் ஏன் ஜேர்சி வளர்க்கினம்?

அவர்கள் கொட்டிலில் கட்டிப் புல் வெட்டிப் போடுகிறார்கள் தம்பி. அது வேறு தொழில்.

கந்தளாய்: ஊர் மாடு ரெண்டு லீற்றர்கூடத் தராதே. அதை வச்சு என்ன செய்ய?

கறக்கிற பாலை மட்டும் எண்ணுறீங்க. செலவில்லாமல் வருசத்துக்கு ஒரு கன்று போடுகிற பசு, எட்டு லீற்றர் தந்து இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் சினைப்படுகிற பசுவை விட மேய்ச்சல் பட்டியில் மேல். பால் கூட வேணுமென்றால் சாஹிவால் இன மாட்டுக் கலப்புக்குப் போங்க, வெயிலும் உண்ணியும் தாங்கும். ஜேர்சி ஆசை விடவில்லையென்றால் இரண்டு பசுவை மட்டும் வீட்டடியில் கட்டி வளருங்க, பட்டியோடு விடாதீங்க.

குச்சவெளி: சாஹிவால் பசு பால் விடாமல் அடக்கும் என்கிறார்களே?

ஓம், கன்று இல்லாமல் சிலது அடக்கும். கன்றை விட்டுக் கறவுங்க. இந்த விசயம் இதோடு போதும்.

சேருவில: வைக்கோலை யூரியாவில் ஊற வைப்பது எப்படி?

100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. 60 முதல் 100 லீற்றர் தண்ணியில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடி மூன்று கிழமை விடுங்க. திறந்து ஒரு நாள் காற்றாட விட்டு, யூரியா நெடி குறைந்த பிறகு கொடுங்க. ஓட்டை இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பகுதியை எறியுங்க. யூரியாத் தண்ணியை மாடு குடித்தால் சாகும், வாளியைப் பட்டிக்குள் வைக்காதீங்க. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இந்த வைக்கோல் வேண்டாம்.

வெருகல்: ஐயா, எத்தனை மாடு வச்சிருக்கலாம்?

கிண்ணியாவுக்குச் சொன்ன கணக்குத்தான். உங்கள் எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்க.

நிலாவெளி: 30 மாடு. எத்தனை வைக்கலாம்?

மேலே இருக்கு. ஆவணித் தரையை நடந்து பாருங்க.

புல்மோட்டை: சீஓ-3 தீனிப் புல் நட்டால் விற்கத் தேவையில்லைத்தானே?

கச்சானில் தண்ணி இறைக்க முடிந்தால் மட்டும் நடுங்க. கால் ஏக்கர் புல் கறவைப் பசு ஒன்றிரண்டுக்கு உதவும், பட்டியைக் காப்பாற்றாது. மழை பொய்த்த வருசம் சித்திரைக்குள் விற்றுவிடுங்க.

ஈச்சிலம்பற்று: எருமைக் கன்றுகள் ஒரு மாதத்துக்குள் கழிந்து சாகுது.

பெரும்பாலும் உருண்டைப் புழு. தாயின் பாலோடு கன்றுக்குப் போகிறது, அதனால் பட்டியைக் கூட்டித் துப்புரவாக்கினாலும் நிற்காது. பிறந்து 10 முதல் 16 நாளுக்குள் ஒரு தரம் புழு மருந்து கொடுத்தால் போதும். பிந்தினால் குடல் அடைக்கும். மருந்தை மிருக வைத்தியரிடம் எடுங்க. போகும்போது தொண்டை அடைப்பானுக்கும் கோமாரிக்கும் தடுப்பூசித் திகதி கேளுங்க. ஐப்பசி மழைக்கு முன் போட்டு முடிக்க வேணும். லொறியில் மாடு ஏற்றப் போகிறவர்கள் வவுச்சரும் (மாட்டின் உரிமைச் சீட்டு) சுகாதாரச் சான்றும் அதே பயணத்தில் எடுத்துக்கொள்ளுங்க.