முதியோர் இல்லத்தில் சிறுநீர்க் கசிவு: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு 82 வயது, மறதி நோய். வீட்டில் தானே கழிவறைக்குப் போவார். இல்லத்தில் சேர்த்த ஒரே மாதத்தில் நாள் முழுக்க டயப்பர். இனி இப்படித்தானா?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். பழகிய வீட்டில் கால் தானாகக் கழிவறைக்குப் போகும்; புது இடத்தில் கதவு எங்கே என்றே தெரியாது. போய்ச் சேர்ந்தாலும் புடவையை விலக்குவதற்குள் நனைந்துவிடும். இதில் சிறுநீர்ப்பையின் குற்றம் குறைவு.

மூன்று நாள் ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள்: என்ன, எவ்வளவு குடித்தார், எப்போது போனார், எப்போது நனைந்திருந்தார். பிறகு பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊழியர் அருகில் வந்து, "போகணுமாம்மா?" என்று கேட்டு அழைத்துப் போகட்டும். வழக்கமாகப் பத்து மணிக்கு நனைகிறதென்றால் ஒன்பதரைக்கே கேட்க வேண்டும். உலர்ந்திருந்தால் நல்ல வார்த்தை சொல்லட்டும். நனைந்திருந்தால் கடிந்துகொள்ளவே கூடாது. பலன் தருமா என்பது மூன்று நாளில் ஓரளவு தெரிந்துவிடும். கழிவறைக் கதவில் பெரிய படம், இரவில் விளக்கு, புடவைக்குப் பதில் நைட்டி: இவையும் உதவும்.

மாலை நான்குக்குமேல் தண்ணீரே தருவதில்லையாம். சரியா?

தவறு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும். மலமும் இறுகிப் பையை அழுத்தும், கசிவு கூடும். இதய, சிறுநீரக நோய்க்காக மருத்துவர் அளவு கட்டியிருந்தால் தவிர, நாளுக்கு ஒன்றரை லிட்டர் தேவை. அதில் பெரும்பகுதியை மாலை ஆறுக்குள் கொடுத்துவிடலாம். மாலைக் காப்பி வேண்டாம். கால் வீக்கம் இருந்தால் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்கட்டும். இல்லையேல் அந்த நீர் இரவில்தான் இறங்கும். நீர் பிரியும் மாத்திரையை இரவில் தருகிறார்களா என்றும் பாருங்கள். நேரத்தை மாற்ற மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்பாவுக்கு அடிக்கடி போயும் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது.

பை காலியாகாமல் நிரம்பி வழிகிறதோ என்று முதலில் பார்க்க வேண்டும். சிறுநீர் கழித்த உடனே ஸ்கேன் எடுத்தால் மிச்சம் தெரியும். புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) வீக்கம், மலச்சிக்கல், சில சளி மாத்திரைகள் காரணமாகலாம். இதைப் பார்க்காமல் கசிவை அடக்கும் மாத்திரை கொடுத்தால் அடைப்பே ஏற்படலாம். அவற்றில் சில, முதியவர்களுக்குக் குழப்பத்தையும் தரும். அடிவயிறு வலித்துச் சிறுநீர் நின்றுபோனால் உடனே மருத்துவமனை.

சிறுநீர்க் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி என்று வந்திருக்கிறது. ஆன்டிபயாடிக் வேண்டுமா?

காய்ச்சல், எரிச்சல், வலி எதுவும் இல்லையென்றால் பொதுவாக வேண்டாம். இல்லவாசிகள் பலருக்குத் தொந்தரவில்லாமலே கிருமி இருக்கும். வாடையை மட்டும் வைத்து மருந்து தொடங்கக் கூடாது.

தொடையிடுக்கு சிவந்து எரிகிறது. சிறுநீர் வடிய டியூப் போட்டுவிடலாமா?

கசிவுக்காக மட்டும் டியூப் வேண்டாம். நாளாக ஆகத் தொற்று கூடும். நனைந்ததும் மாற்றி, வெதுவெதுப்பான நீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லப் பூசுங்கள். சோப்பும் பவுடரும் வேண்டாம். மடிப்புகளில் சிறு சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம்; அதற்குத் தனிக் களிம்பு வேண்டும்.