ஸ்டேஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் வீடு: மலையகத்தில் திட்டக்குழு அமைப்பது பற்றிய கேள்வி பதில்

இலங்கை மலையகத் தோட்டங்களில் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, தனி வீட்டுக்குப் போகும் குடும்பங்களைப் பஸ்ஸும் கோச்சியும் (ரயிலும்) எட்டும் தூரத்தில் குடியேற்ற, ஊர் மக்களே ஒரு குழு அமைத்துத் திட்டம் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கொட்டகலை: குழுவில் எத்தனை பேர், யார் யார் இருக்க வேண்டும்?

11 பேர் போதும், 13க்கு மேல் வேண்டாம். லயத்தில் குடியிருப்பவர்கள் நான்கு பேர். அதில் இரண்டு பேராவது கொழுந்து பறிக்கும் பெண்கள். டவுன் கடைக்காரர் ஒருவர், பஸ்காரர் ஒருவர், ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஒருவர், தோட்ட நிர்வாகத்திலிருந்து ஒருவர், கிராம உத்தியோகத்தர், பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், நடக்கச் சிரமப்படும் ஒருவர். கடைசி ஆளை மறந்துவிடாதீர்கள், படிக்கட்டின் அருமை அவருக்குத்தான் தெரியும். தொழிற்சங்கத் தலைவர்மாரை மட்டும் வைத்து நிரப்பினால் இரண்டாம் கூட்டத்திலேயே பேச்சு சங்கப் பக்கம் போய்விடும்.

பிரதேச சபை வெளியாரையும் சேர்த்து ஆலோசனைக் குழு அமைக்க முடியும். உங்கள் குழுவை அப்படி அமைத்ததற்கான கடிதத்தை முதலில் வாங்குங்கள். அது கையில் இல்லாவிட்டால் எந்தக் கந்தோரிலும் உங்கள் கோப்பு நகராது. கூடவே ஒரு பக்கத்தில் எழுதி ஒப்பமிடுங்கள்: எந்தத் தோட்டம், எந்த எல்லை, எத்தனை மாதம், முடிவு எப்படி எடுப்பது, குழுவில் உள்ளவரின் காணியோ கடையோ சம்பந்தப்பட்டால் அவர் விலகி நிற்பது. யார் யாருக்கு வீடு என்ற பட்டியலைத் தீர்மானிக்கும் வேலையைக் குழு தொடவே கூடாது. பட்டியலில் கை வைத்த நாளோடு திட்டம் படுத்துவிடும்.

தலவாக்கலை: ஸ்டேஷனிலிருந்து அரை மைல் வட்டம் போட்டு அதற்குள் இடம் தேடினால் சரியா?

வட்டம் சமதரைக்குச் சரி, நம் மலைக்கு ஒத்துவராது. மலையேறுகிறவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு: மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, அதோடு ஒவ்வொரு 10 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு நிமிடம். 600 மீட்டர் பாதையில் 60 மீட்டர் ஏற்றம் என்றால் நடைக்கு ஏழு, ஏற்றத்துக்கு ஆறு, மொத்தம் 13 நிமிடம். அதையே படியாகக் கட்டினால், ஒரு படி 15 சென்ரிமீட்டர் உயரம் என்று வைத்தாலும் 400 படி. அரிசிப் பையோடு, ஆடி மழையில், குடை பிடித்துக்கொண்டு 400 படி.

அதனால் வட்டத்தை விட்டுவிட்டு நடந்து பாருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) மூன்று பேர் போக வேண்டும்: ஒரு வயதானவர், சுமையோடு ஒரு பெண், ஒரு பள்ளிப் பிள்ளை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நின்ற இடத்தைப் போனில் குறியுங்கள். மூவரில் மெதுவானவர் 15 நிமிடத்தில் எட்டும் இடங்களை ஒரு கோட்டால் இணைத்தால் அதுதான் உங்கள் எல்லை. அது வட்டமாக வராது, றோட்டோரமாக நீண்டு கிடக்கும்.

அட்டன்: கோச்சியை நம்புவதா, பஸ்ஸை நம்புவதா?

பஸ்ஸை. அட்டனுக்கு 1884இல் ரயில் வந்தது, அடுத்த வருடம் நானுஓயாவுக்கு. ஆனால் ரம்புக்கனைக்கு மேல் இன்றும் ஒற்றைப் பாதைதான். நாளுக்குச் சில வண்டிகள், ஒரு மண்சரிவோடு எல்லாம் நின்றுவிடும். காலை 5 முதல் 8 வரையும், மாலை 4 முதல் கடைசி பஸ் வரையும் நின்று பஸ்களை எண்ணுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது வீடு எங்கே என்பதற்குச் சமமான கேள்வி.

ஹப்புத்தளை: தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் எப்போது போக வேண்டும்?

வரைபடம் கீறுவதற்கு முன்பே. வீட்டுப் படத்தைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு, பிறகு "இடம் ஆபத்து" என்று கடிதம் வந்தால் குழுவை யாரும் நம்பமாட்டார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்த மண்சரிவு எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் விழுகிறது என்று பார்த்து, பிறகு இடத்துக்கு வந்து பார்க்கக் கேளுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு: பிறை வடிவில் தரை வெடிப்பு, ஒரே பக்கம் சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கும் ஊற்று. நல்ல இடத்தையும் நாமே கெடுப்பதுண்டு. மண்ணைச் செங்குத்தாக வெட்டிவிட்டு, வெட்டுக்கு மேல் உள்ள வீட்டின் மலக்குழிக் கழிவு நீரை நிலத்துக்குள் விடுவதுதான் பெரிய தவறு. நீர் ஊறி மண் கனத்து, பிடிப்பு விட்டு இறங்கிவிடும். தாங்கு சுவரில் நீர் வடியும் துளைகளை விடாமல் சிமெந்து பூசுவதும் அதே கதைதான்.

நோர்வூட்: ஆளுக்கு 7 பேர்ச் என்றால் ஒரு ஏக்கரில் எத்தனை வீடு?

ஏக்கர் 160 பேர்ச். பாதை, கான், பொது இடத்துக்கு முப்பது வீதம் போனால் மிச்சம் 112, அதில் 16 வீடு. செங்குத்துச் சரிவைக் கழித்தால் இன்னும் குறையும். 550 சதுர அடி வீடு ஏறத்தாழ இரண்டு பேர்ச் தரையைத்தான் பிடிக்கும், மிச்சம் ஐந்தும் முற்றமும் தோட்டமும். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய நிலத்தில் தொடர்மாடி வீடு, மேலே சரிவில் தனிக்காணி வீடு என்று இரண்டையும் மக்கள் முன் வையுங்கள். மாடி என்றால் கூரை ஒழுகினால் யார் திருத்துவது, உறுதியில் யார் பெயர் என்பதற்கு, மாடி வீடுகளின் கூட்டு உரிமைக்கான கூட்டாதனச் சட்டப்படி முன்கூட்டியே பதில் வேண்டும்.

தோட்டக் காணி பெரும்பாலும் அரசினுடையது, 1992இல் முகாமைக்குக் கம்பனிகளிடம் போய், பிறகு நீண்ட காலக் குத்தகையானது. தோட்டத் துரையின் (முகாமையாளரின்) வாய்ச்சொல்லை நம்பி ஒரு கல்லும் நடாதீர்கள். கம்பனியின் எழுத்து மூலச் சம்மதம், அமைச்சின் விடுவிப்பு, நில அளவை வரைபடம் மூன்றும் வர வேண்டும்.

பண்டாரவளை: ஸ்டேஷன் பக்கம் ரயில்வே காணி சும்மா கிடக்கிறதே?

வேண்டாம். அது திணைக்களத்தின் ஒதுக்கு நிலம். எல்லைக் கல் எங்கே என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா: கந்தோரில் வரைபடம் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்கிறார்கள்.

நாளைக்குப் போக வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். "திட்டம் பற்றிய எல்லாம்" என்று கேட்டால் இழுபடும். வரைபடத்தின் பெயர், கிராம உத்தியோகத்தர் பிரிவு, இரண்டையும் குறித்துக் கேளுங்கள்.